எக்ஸ்பெக்ட்: காத்திருந்தவர் கேட்பவரான கதை

1805 அக்டோபர் 21, நண்பகலுக்குச் சற்று முன். ஸ்பெயின் நாட்டின் டிரஃபால்கர் முனைக்கு அப்பால், காற்று குறைந்த கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எதிரி வரிசையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. விக்டரி கப்பலின் மேல்தளத்தில் நின்ற தளபதி நெல்சன், கொடிச் சைகைகளுக்குப் பொறுப்பான ஜான் பாஸ்கோவை அழைத்துப் படை முழுவதற்கும் ஒரு செய்தியை ஏற்றச் சொன்னார். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்வார் என இங்கிலாந்து நம்பியிருக்கிறது என்பதே அவர் சொல்ல நினைத்தது. ‘நம்பியிருக்கிறது’ என்பதற்கு அவர் எடுத்த ஆங்கிலச் சொல் ‘கன்ஃபைட்ஸ்’.

பாஸ்கோ ஒரு திருத்தம் கேட்டார். சர் ஹோம் பாப்ஹம் தொகுத்த கொடிச் சொற்பட்டியலில் அந்தச் சொல் இல்லை. அதை எழுத்தெழுத்தாக எட்டு முறை ஏற்றி இறக்க வேண்டும். ‘எக்ஸ்பெக்ட்ஸ்’ என்று மாற்றிக்கொண்டால் அதற்குப் பட்டியலில் 269 என்ற எண் உண்டு, ஒரே ஏற்றத்தில் வேலை முடியும். போர் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தன. நெல்சன் உடனே சம்மதித்தார். எட்டுச் சொற்கள் எண்களாகவும், பட்டியலில் இல்லாத ‘ட்யூட்டி’ மட்டும் நான்கு எழுத்துகளாகவும், மொத்தம் பன்னிரண்டு ஏற்றங்களில் அந்தச் செய்தி பறந்தது. ஆங்கிலத்தின் மிகப் புகழ்பெற்ற ‘எக்ஸ்பெக்ட்’ பிறந்தது இப்படித்தான், நேரத்தை மிச்சப்படுத்த.

நேரம் மிச்சமானது, ஆனால் வாக்கியத்தின் முகம் மாறிவிட்டது. முதலில் நினைத்த சொல்லில் தலைவன் தன் வீரர்கள்மீது வைத்த நம்பிக்கை இருந்தது. மாற்றிய சொல்லில் நாடு தன் குடிகளிடம் கேட்டுப்பெறும் கணக்கு இருக்கிறது. கொடியைப் படித்துக் கேட்ட மாலுமிகள் சிலர், நாங்கள் எப்போது கடமையைச் செய்யாமல் இருந்தோம் என்று முணுமுணுத்ததாக ஒரு செய்தி உண்டு. இரண்டாம் தளபதி காலிங்வுட்டும், நாங்கள் செய்ய வேண்டியது எங்களுக்குத் தெரியும், நெல்சன் சைகை காட்டுவதை நிறுத்தினால் தேவலை என்று முதலில் சலித்துக்கொண்டாராம். அந்த முணுமுணுப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். தன்னை நம்புகிறவரிடம் ஒரு மனிதன் காட்டும் முகமும், தன்னிடம் எதிர்பார்க்கிறவரிடம் காட்டும் முகமும் ஒன்றல்ல.

பள்ளியில் நாம் ‘எக்ஸ்பெக்ட்’ என்றால் ‘எதிர்பார்’ என்று ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுகிறோம். அது தவறான பொருள் அல்ல. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளாக ஓர் இடமாற்றம் நடந்திருக்கிறது. தொடக்கத்தில் அது காத்திருப்பவரின் சொல். கையில் எதுவும் இல்லாதவர், வழிமேல் கண் வைத்திருப்பவர் சொல்வது. இன்று பெரும்பாலும் அது கேட்டுப்பெறுபவரின் சொல்; மேலதிகாரியும் நீதிமன்றமும் சந்தையும் சொல்வது.

சொல்லின் வேர் இலத்தீன். ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘ஸ்பெக்டாரே’ என்றால் விடாமல் பார்த்துக்கொண்டே இருத்தல். வெறுமனே பார்ப்பதைக் குறிக்கும் ‘ஸ்பெக்கெரே’யிலிருந்து, மீண்டும் மீண்டும் செய்வதைக் காட்டும் வடிவமாக இது கிளைத்தது. வாசலுக்கு வெளியே கண்ணை அனுப்பிவிட்டு உடம்பு மட்டும் உள்ளே இருக்கும் நிலையே ‘எக்ஸ்ஸ்பெக்டாரே’. உறவுச் சொற்கள் நமக்கு அன்றாடம் பழகியவை. உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். கீழ்க்கண்ணால் பார்க்கப்படுபவர் சஸ்பெக்ட். திரும்பிப் பார்க்க வைப்பது ரெஸ்பெக்ட். இதே இந்தோ–ஐரோப்பிய வேர் கிரேக்கத்தில் எழுத்து இடம் மாறி டெலஸ்கோப்பின் பின்பாதியாகவும், மேற்பார்வையாளர் என்ற பொருளில் பிஷப் என்ற சொல்லாகவும் வந்து சேர்ந்தது. ரிக் வேதத்தில் வருணனின் ஒற்றர்களைக் குறிக்கும் ‘ஸ்பச்’ என்ற சொல்லும் அதே குடும்பம்.

வரப்போவதைச் சொல்ல மனிதர்கள் கண்ணைத் துணைக்கு அழைப்பது இலத்தீனில் மட்டும் நடக்கவில்லை. சமஸ்கிருதத்தின் ‘பிரதீக்ஷா’ வேறொரு வேரிலிருந்து வந்தாலும், எதிர்நோக்கிப் பார்த்தல் என்றே பொருள்படும். ஜெர்மானியரின் ‘எர்வார்ட்டன்’ காவல் இருந்து பார்க்கும் வினையில் முளைத்தது. ஆங்கிலத்தின் ‘வெயிட்’கூட முதலில் சும்மா இருத்தல் அல்ல, பழைய பிராங்கிய மொழியில் விழித்துக் கண்காணித்தல் என்று பொருள், ‘வாட்ச்’சுக்கும் ‘வேக்’குக்கும் உடன்பிறப்பு. தமிழின் ‘எதிர்பார்’ எந்த மொழியிலிருந்தும் கடன் வாங்காமல் தானே அதே வழியில் நடந்திருக்கிறது. பிரெஞ்சு மட்டும் வேறு பாதையில் போனது. அதன் ‘அத்தாந்த்ர்’ ஒன்றை நோக்கி நீட்டுவதிலிருந்து வந்தது. ஸ்பானியம் இன்னும் சிக்கனமானது: ‘எஸ்பெரார்’ என்ற ஒரே வினையில் நம்புவதையும் காத்திருப்பதையும் எதிர்பார்ப்பதையும் அடக்கிவிட்டது.

இந்த இலத்தீன் சொல் வருவதற்குமுன் ஆங்கிலேயர்கள் எதிர்பார்க்காமல் இருந்துவிடவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘வேனன்’ என்றொரு வினை இருந்தது. நினைத்தல், எண்ணியிருத்தல், எதிர்நோக்கல் எல்லாவற்றுக்கும் அதுவே. பிற்காலத்தில் ‘வீன்’ ஆகி, மெல்ல வழக்கொழிந்து, தன்னைப் பற்றி அளவுமீறி எண்ணும் செருக்கைக் குறிக்கும் ‘ஓவர்வீனிங்’ என்ற சொல்லில் மட்டும் இன்று மிஞ்சியிருக்கிறது. ‘லுக் ஃபார்’ இருந்தது. ‘ஹோப்’பும் இருந்தது, ஆனால் இன்றைய இனிப்பு அதற்கு முழுமையாக ஏறியிருக்கவில்லை. சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ தொகுப்பில் ரீவ் சொல்லும் கதையில், வடபுல வழக்குப் பேசும் மாணவன் ஒருவன் தங்கள் கல்லூரியின் பண்டகப் பொறுப்பாளர் இறந்துவிடுவார் என்று சொல்ல ‘ஹோப்’பைப் பயன்படுத்துகிறான். அவர் சாக வேண்டும் என்ற ஆசையில் அல்ல. நோய் முற்றிவிட்டது, பிழைக்கமாட்டார் என்ற கணிப்பில். தெற்கத்திக் காதுக்கு அது வேடிக்கையாகக் கேட்கும் என்று சாசருக்குத் தெரியும். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெற்கில் ‘ஹோப்’ ஆசையின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘வீன்’ மறைகிறது, ‘ஹோப்’ ஆசையாகிறது. நல்லதோ கெட்டதோ, வரும் என்று மனம் கொள்வதை விருப்பு வெறுப்பின்றிச் சொல்ல ஒரு வினைக்கு இடம் காலியாகிறது. அந்தக் காலியிடமே ‘எக்ஸ்பெக்ட்’டை ஆங்கிலத்தில் நிலைக்க வைத்தது என்பது என் கணிப்பு. பதினாறாம் நூற்றாண்டில் இலத்தீனிலிருந்து ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்துக்கு வந்தன. பல ஒரு தலைமுறைகூட நிற்கவில்லை. நின்றவற்றுக்கு ஏதோ ஒரு தேவை இருந்தது.

அந்த நூற்றாண்டின் நடுவில் வந்தபோது அது கொண்டுவந்த பொருள் காத்திருத்தல்தான். கையில் எடுத்த காரியத்தைத் தள்ளிவைத்து, பொறுத்து இருத்தல். இதைப் பார்க்கச் சிறந்த இடம் விவிலிய மொழிபெயர்ப்புகள். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 10ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்தில், பகைவர் அடங்கும்வரை கிறிஸ்து காத்திருக்கும் காட்சி வருகிறது. டின்டேல் 1520களில் அங்கே தங்கியிருத்தலைக் குறிக்கும் நாட்டுச் சொல்லான ‘டாரி’யை வைத்தார். கத்தோலிக்கரின் 1582 ரீம்ஸ் பதிப்பு இலத்தீன் விவிலியத்தை ஒட்டிச் சென்றதால் ‘எக்ஸ்பெக்ட்டிங்’ என்று எழுதியது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் அங்கே ‘எக்ஸ்பெக்ட்டிங்’கையே ஏற்றது. இன்றைய ஆங்கில வாசகர் அந்த இடத்தில் ஒரு கணம் இடறுவார். ‘வெயிட்டிங்’ என்று மனத்துக்குள் மாற்றிப் படித்தால்தான் பொருள் பிடிபடும்.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு சான்று நைசீன் விசுவாச அறிக்கை. அதன் இலத்தீன் வடிவத்தில், இறந்தோர் உயிர்த்தெழுவதை விசுவாசி எதிர்நோக்கும் இடத்தில் இருக்கும் வினை ‘எக்ஸ்ஸ்பெக்டோ’தான். 1549இல் கிரான்மர் தலைமையில் உருவான பொது ஜெப நூலில் அது ‘லுக் ஃபார்’ ஆனது. தேவாலயத்தில் சாதாரண மக்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வாக்கியத்துக்கு அவர்கள் காதில் பழகிய சொல்லே பொருந்தியது. அந்த முடிவு இன்றுவரை ஆங்கிலத் திருச்சபையின் பழைய வழிபாட்டில் நிற்கிறது. இலத்தீன் வினையின் பழைய மென்மை அந்த இரு எளிய சொற்களில் பிழைத்திருக்கிறது; அதன் நேர் வாரிசான ‘எக்ஸ்பெக்ட்’ அதைத் தொலைத்துவிட்டது.

அந்த மென்மையும் ஒரு முரட்டுத்தனமும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து நிற்கும் கணம் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் நீதிமன்றக் காட்சி. 1590களின் பிற்பாதியில் எழுதப்பட்டது. கடன் பத்திரத்தைக் காட்டி அன்டோனியோவின் உடலிலிருந்து ஒரு ராத்தல் சதை கேட்டு நிற்கிறார் ஷைலாக். வெனிஸ் நகரின் கோமகன் நீண்ட பேச்சொன்றை நிகழ்த்தி, நாங்கள் அனைவரும் உன்னிடமிருந்து கனிவான பதிலை எதிர்பார்க்கிறோம் என்ற பொருள்பட முடிக்கிறார். அங்கே ‘எக்ஸ்பெக்ட்’ இரண்டு வேலை செய்கிறது. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறோம் என்பது ஒன்று. இந்தப் பதிலைத்தான் நீ சொல்லியாக வேண்டும், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. அவையில் தனியாள் ஷைலாக். எதிரே அதிகாரம், மதம், ஊர் மூன்றும் திரண்டு நிற்கின்றன. சட்டம் தன் பக்கம் என்று அவர் பிடிவாதமாக நிற்கும்போது, அந்த ஒற்றை வினை அவர்மீது வைக்கும் பாரத்தை நடிகர்கள் நன்றாக அறிவார்கள். கோமகன் அந்தச் சொல்லைக் கெஞ்சலாகவும் பேசலாம், கட்டளையாகவும் பேசலாம். இரண்டும் பொருந்தும்.

பதினேழாம் நூற்றாண்டில் கட்டளையின் பக்கம் எடை கூடிவிட்டது. இதில் இலக்கணத்தின் பங்கு பெரிது. ‘ஐ எக்ஸ்பெக்ட் ரெயின்’ என்றால் பார்க்கப்படுவது மழை. மழைக்கு என்னிடம் எந்தக் கடமையும் இல்லை. ‘ஐ எக்ஸ்பெக்ட் ஹிம்’ என்றால் அவர் வரவுக்குக் காத்திருக்கிறேன். ‘ஐ எக்ஸ்பெக்ட் யூ டு கம்’ என்றதும் நிலைமை மாறுகிறது. நீ வருவாய் என்ற கணிப்பும், வந்தாக வேண்டும் என்ற கோரிக்கையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல் சேரும்போது கணிப்பு முற்றிலும் உதிர்ந்து நியதி மட்டும் நிற்கிறது. ‘ஐ எக்ஸ்பெக்டெட் பெட்டர் ஆஃப் யூ’ என்று ஓர் ஆசிரியர் மாணவனிடம் சொன்னால், அவர் தன் கணிப்பு பொய்த்ததைச் சொல்லவில்லை. அவன் தவறியதைச் சொல்கிறார். அடுத்த முறையும் அவனிடம் அதே தரத்தைக் கேட்பார்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லஸ் லூமன் 1972இல் வெளியிட்ட சட்டச் சமூகவியல் நூலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்தார். எதிர்பார்த்தது நடக்காதபோது நாம் என்ன செய்கிறோம் என்பதே அவர் உரைகல். மழை வராவிட்டால் கணிப்பைத் திருத்திக்கொள்கிறோம்; அது அறிதல் சார்ந்த எதிர்பார்ப்பு. ஒருவர் வாக்குத் தவறினால் கணிப்பைத் திருத்துவதில்லை; தவறு அவருடையது என்று பிடித்து நிற்கிறோம்; அது நியதி சார்ந்த எதிர்பார்ப்பு. சட்டம் என்பதே ஏமாற்றத்துக்குப் பிறகும் கைவிட மறுக்கும் எதிர்பார்ப்புகளின் தொகுப்பு என்ற முடிவுக்கு அவர் இதன்வழி வந்தார். ஆங்கில வினையைப் பற்றி அவர் எழுதவில்லை. ஆனாலும் ‘எக்ஸ்பெக்ட்’ என்ற சொல்லில் இந்த இரண்டும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பதை விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், நன்மையோ தீமையோ வருவதை முன்கூட்டி உணர்தல் என்ற பொருளை முன்வைத்தார். காத்திருத்தலையும் பதிவு செய்தார். அவருக்கு அடுத்த தலைமுறைகளில் காத்திருத்தல் உதிர்ந்தே போனது. இன்று ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு ‘எக்ஸ்பெக்ட்’ பண்ணுகிறேன் என்று சொன்னால் ஆங்கிலத்தில் அது காத்திருப்பதாகாது.

இடையில் ஒரு கிளைக்கதை. ‘ஐ எக்ஸ்பெக்ட் யூ ஆர் டயர்ட்’ என்று ஆங்கிலேயர் சொல்வதுண்டு. களைத்திருப்பீர்கள் என்ற ஊகம் அது, எதிர்காலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே இந்த வழக்கு இருந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடைக் காவலர்கள் இதைப் பொறுக்கவில்லை. அமெரிக்கர் ரிச்சர்ட் கிரான்ட் ஒயிட் 1870இல், வரப்போவதை மட்டுமே எதிர்பார்க்க முடியும், நடந்து முடிந்ததை எப்படி எதிர்பார்ப்பது என்று கேட்டார். கேள்வி தர்க்கத்தில் சரி, வரலாற்றில் தவறு. 1926இல் ஃபவுலர் தம் புகழ்பெற்ற நடைக் கையேட்டில் இந்தப் பொருள் விரிவு இயல்பானது, எதிர்ப்பது வீண் தூய்மைவாதம் என்று தீர்ப்பளித்தார். நான் ஃபவுலர் பக்கம். தமிழிலும் ‘வந்திருப்பார்’ என்று எதிர்காலத்தின் ஈற்றைக் கொண்டே கடந்ததை ஊகிக்கிறோம். மொழிக்கு அது புதிதல்ல.

காத்திருத்தலிலிருந்து உரிமைக்கு நகர்ந்த பயணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் டிக்கன்ஸிடம் போக வேண்டும். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை அவருடைய வார இதழில் தொடராக வந்தது. பெரிய கனவுகள் என்று அந்தத் தலைப்பைப் புரிந்துகொள்பவர்கள் பலர். அக்காலத்து வாசகருக்கு அது காசு சத்தம் கேட்கும் சொல். பன்மையில் ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்றால் ஒருவருக்குப் பிற்காலத்தில் வந்துசேரவிருக்கும் வாரிசுச் சொத்து. ஓர் இளைஞனுக்கு ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ உண்டு என்றால் கடைக்காரர் கடன் கொடுப்பார், பெண் வீட்டார் விசாரிப்பார்கள். கொல்லர் பட்டறையில் வளர்ந்த பிப்பைத் தேடி வக்கீல் ஜாகர்ஸ் வந்து இந்தச் சொல்லைச் சொன்ன சில நாளிலேயே, ஊர்த் தையல்காரர் அவனிடம் பேசும் தோரணை மாறிவிடுகிறது. நாவலின் மூன்று பகுதிகளையும் பிப்பின் ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ கடந்த மூன்று கட்டங்கள் என்றே டிக்கன்ஸ் பெயரிட்டார். பணம் சீமாட்டி ஹேவிஷாமிடமிருந்து வருகிறது என்று அவன் நம்பியிருக்க, அது சிறுவயதில் அவன் சோறு கொடுத்த கைதி மாக்விட்சின் உழைப்பு என்று தெரிகிறது. மாக்விட்ச் தண்டிக்கப்பட்டதும் சொத்து அரசுக்குப் போய்விடுகிறது. கையில் வராத ஒன்றைச் சொத்தாகக் கருதி வாழ்வது மனிதனை என்ன செய்யும் என்பதை ஒரு பன்மைச் சொல்லின் இரட்டைப் பொருளில் கட்டி எழுப்பிய நாவல் அது.

டிக்கன்ஸ் கதையில் காட்டியதைச் சட்டம் கொள்கையாகவே வளர்த்தது. 1960களின் இறுதியில் ஷ்மிட் வழக்கில், பிரிட்டனில் தங்கும் அனுமதியை நீட்டிக்க மறுக்கப்பட்ட வெளிநாட்டு மாணவர்களின் முறையீட்டை விசாரித்த டென்னிங் பிரபு, உரிமை இல்லாவிட்டாலும் ‘நியாயமான எதிர்பார்ப்பு’ உள்ளவரைக் கேட்காமல் முடிவெடுப்பது முறையாகாது என்றார். அந்த மாணவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. சொற்றொடர் மட்டும் நிலைத்துப் பல நாடுகளுக்குப் போனது. நம் உச்ச நீதிமன்றம் 1992இல், இந்திய உணவுக் கழகத்துக்கும் காமதேனு கால்நடைத் தீவன நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், இத்தகைய எதிர்பார்ப்பு தனியாக நிலைநாட்டத்தக்க உரிமை ஆகாது, ஆனால் அதைப் பொருட்படுத்தாமல் எடுக்கும் அரசு முடிவு தன்னிச்சையானதாகிவிடலாம் என்று விளக்கியது. அமெரிக்காவில் 1967இல் கேட்ஸ் வழக்கில் நீதிபதி ஹார்லன், தொலைபேசிக் கூண்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுபவருக்குத் தன் பேச்சு வெளியே போகாது என்று எதிர்பார்க்கும் தகுதி உண்டு, அந்த எதிர்பார்ப்பைச் சமூகம் ஏற்குமா என்பதே கேள்வி என்றார். அந்தரங்க உரிமை பற்றிய விவாதங்கள், 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தந்த புட்டசாமி தீர்ப்பு உட்பட, இந்த அளவுகோலோடு பேசாமல் நகர்வதில்லை. எளியவர் ஒருவர் ஆளும் அதிகாரத்தைப் பார்த்து, நான் இதை எதிர்பார்க்க எனக்கு நியாயம் உண்டு என்று சொல்லும் ஒரே இடம் சட்டம். இந்த வினையின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் திருப்பம் இதுதான்.

கணிதத்தில் நடந்தது வேறு. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் பாதியில் நின்ற சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அதைத் தொடர்ந்து டச்சு அறிஞர் ஹைகன்ஸ் எழுதிய சிறுநூலை 1657இல் அவருடைய ஆசிரியர் வான் ஸ்கூட்டன் இலத்தீனில் வெளியிட்டார். ஹைகன்ஸ் ‘கான்ஸ்’, அதாவது வாய்ப்பு, என்று சொன்ன இடத்தில் வான் ஸ்கூட்டன் ‘எக்ஸ்பெக்டாட்டியோ’ என்று எழுதினார். அந்த மொழிபெயர்ப்புத் தெரிவே இன்று உலகெங்கும் மாணவர் படிக்கும் ‘எக்ஸ்பெக்டெட் வேல்யூ’வின் தாய். ஒரு பகடையை உருட்டினால் அதன் எதிர்பார்ப்பு மதிப்பு 3.5. எந்தப் பகடையிலும் 3.5 விழாது. யாருமே எதிர்பார்க்க முடியாத எண்ணுக்கு ‘எதிர்பார்க்கும்’ எண் என்று பெயர். பல முறை உருட்டினால் சராசரி எங்கே போய் நிற்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

இந்தக் குழப்பம் அன்றே எழுந்தது. 1669இல் ஹைகன்ஸும் அவர் தம்பி லோடவெய்க்கும் ஜான் கிரான்ட் 1662இல் தொகுத்த லண்டன் மரணப் பட்டியலை வைத்து மனித ஆயுளைக் கணக்கிட்டார்கள். அந்தப் பட்டியலின்படி பிறந்த நூறு பேரில் 6 வயதில் 64 பேரும் 16 வயதில் 40 பேரும் உயிரோடிருப்பார்கள். தம்பி சராசரியைக் கூட்டிப் பார்த்தார். 18 ஆண்டுகளுக்குச் சற்று மேல் வந்தது. அண்ணன் வேறொரு கேள்வி கேட்டார்: பாதிப்பேர் எந்த வயதுக்குள் இறந்திருப்பார்கள்? விடை 11 வயதைச் சுற்றி வந்தது. இரண்டு எண்ணும் சரி, இரண்டும் வேறு என்று அவர் தம்பிக்கு விளக்கினார். பந்தயம் கட்டுபவர் பாதி எண்ணைப் பார்க்க வேண்டும்; ஆண்டுத்தொகை விற்பவர் சராசரியைப் பார்க்க வேண்டும். முந்நூற்றைம்பது ஆண்டு கழித்தும் இந்தப் பாடம் நம்மிடம் முழுதாக வந்து சேரவில்லை. விடுதலையின்போது இந்தியரின் எதிர்பார்க்கும் ஆயுள் சுமார் 32 என்றால், மக்கள் முப்பதுகளில் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று புரிந்துகொள்கிறோம். உண்மையில் அந்த எண்ணைக் கீழே இழுத்ததில் பெரும்பங்கு பச்சைக் குழந்தைகளின் சாவுக்கு. தப்பிப் பிழைத்தவர்களில் அறுபதைக் கண்ட தாத்தா பாட்டிகள் இருந்தார்கள். ஒரு சொல் மறைத்துவிட்ட துயரம் இது.

பொருளாதாரத்தில் சொல் இன்னும் ஒரு படி போனது. 1936இல் கெய்ன்ஸ் தம் ‘பொதுக் கோட்பாடு’ நூலில் எதிர்பார்ப்புக்கென்றே அத்தியாயங்கள் ஒதுக்கினார். 1961இல் ஜான் மூத் முன்வைத்த ‘பகுத்தறிவு எதிர்பார்ப்பு’க் கருத்தை ராபர்ட் லூகாஸ் வளர்த்தெடுத்து 1995இல் நோபல் பரிசு பெற்றார். விலை ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்த்தால் அந்த எதிர்பார்ப்பே விலையை ஏற்றும். அதனால்தான் ரிசர்வ் வங்கி குடும்பங்களிடம் போய் வருங்கால விலைவாசி பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கணக்கெடுக்கிறது.

இவ்வளவு இறுக்கமான சொல்லுக்கு இன்னொரு ஓரத்தில் பழைய ஈரம் மிஞ்சியிருக்கிறது. கருவுற்ற பெண்ணை ‘எக்ஸ்பெக்ட்டிங்’ என்று சொல்வது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழங்குகிறது. உடலைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூசிய சமூகம் கண்ணின் வினையைத் திரையாக்கிக்கொண்டது. நம் ‘முழுகாமல் இருக்கிறாள்’, ‘மாசமாக இருக்கிறாள்’ போன்றவையும் அதே கூச்சத்தின் பிள்ளைகள். 1952இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஐ லவ் லூசி’ தொடரின் நாயகி உண்மையிலேயே கருவுற்றபோது, அதைக் கதையிலும் சேர்க்க சிபிஎஸ் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் ‘பிரெக்னன்ட்’ என்ற சொல்லை உச்சரிக்க அனுமதிக்கவில்லை. கதாபாத்திரங்கள் ‘எக்ஸ்பெக்ட்டிங்’ என்று சொல்லித் தப்பித்தார்கள். அந்த அத்தியாயத்தின் தலைப்பில்கூட பிரெஞ்சுச் சொல்லைப் போட்டு மறைத்தார்கள். எனினும் இந்தப் பயன்பாட்டில் சொல் தன் முதல் பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது: கேட்டுப்பெற முடியாத ஒன்றுக்காக நாள் எண்ணிப் பொறுத்திருத்தல்.

இனி நம் வாசலுக்கு வந்த விஷயம். இந்த வினையின் நவீன வடிவங்களில் மிகவும் வலிமையானது செயப்பாட்டு வினை. ‘ஊழியர்கள் காலை ஒன்பதுக்கு வர எதிர்பார்க்கப்படுகிறார்கள்’ என்ற ஆங்கில அலுவலக வாக்கியத்தில் கட்டளை இருக்கிறது, கட்டளையிடுபவர் இல்லை. யார் எதிர்பார்க்கிறார்? மேலாளரா, நிறுவனமா, ஊரா? பெயர் இல்லாததால் மறுப்புச் சொல்லவும் ஆள் இல்லை. டிரஃபால்கர் கொடியில் குறைந்தபட்சம் இங்கிலாந்து என்று ஓர் எழுவாய் இருந்தது.

இதே கட்டு ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் வழியாகத் தமிழ்ச் செய்திநடைக்குள் வந்து இப்போது வேர்பிடித்துவிட்டது. நாளை அறிவிப்பு வெளியாகும் என எதிர்பார்க்கப்படுகிறது. விலை குறையும் என எதிர்பார்க்கப்படுகிறது. அமைச்சரவை மாற்றம் இருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. எந்த நாளிதழை எடுத்தாலும் இந்த ‘எதிர்பார்க்கப்படுகிறது’ இல்லாத பக்கம் குறைவு. சில இடத்தில் அது வானிலை மையத்தின் கணிப்பு. சில இடத்தில் அதிகாரி ஒருவர் பெயர் சொல்ல விரும்பாமல் கசியவிட்ட தகவல். சில இடத்தில் செய்தியாளரின் சொந்த ஊகம். வேறு சில இடத்தில் ஒரு கட்சியின் ஆசை. நான்கும் ஒரே சொல்லுக்குள் மறைந்துகொள்ள, வாசகர் எதை எவ்வளவு நம்புவது என்று தெரியாமல் கடந்துபோகிறார். அறிவிப்புப் பலகைகளிலும் தேர்வு விதிகளிலும் நிலைமை இன்னும் மோசம். கண்டிப்பான நிபந்தனையை ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்று மொழிபெயர்த்துவிட்டு, அதை நிறைவேற்றாத எளியவரைப் பின்னால் தண்டிப்பது அநியாயம். கட்டாயம் என்றால் ‘வேண்டும்’ என்று சொல்லிவிடுவதே நேர்மை.

செய்தி அறைகளிலும் மொழிபெயர்ப்பு மேசைகளிலும் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘எக்ஸ்பெக்ட்’ எதிரே வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எதிர்பார்ப்பவர் யார்? நடக்காவிட்டால் அவர் தன் கணிப்பைத் திருத்திக்கொள்வாரா, எதிரில் இருப்பவரைக் குற்றம் சொல்வாரா? விடை கிடைத்தால், கணிக்கிறார்கள், ஊகிக்கிறார்கள், விரும்புகிறார்கள், கோருகிறார்கள், காத்திருக்கிறார்கள் என்று தமிழில் ஐந்து தெளிவான வினைகள் தயாராக இருக்கின்றன. விடை கிடைக்காவிட்டால் அந்த வாக்கியத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.